அந்துருண்டை நெடி: முதலில் காற்று, பிறகுதான் தண்ணீர்

பல வருடம் பெட்டிக்குள் கிடந்த துணியை எடுத்ததும் பெரும்பாலோர் செய்வது, நேரே வாளியில் ஊறப்போடுவது. சலவைத்தூளை இரட்டிப்பாகப் போட்டு, மணத்துக்குக் கண்டிஷனரும் ஊற்றி மூன்று முறை துவைத்தாயிற்று. கொடியில் காயும்போது நெடி தெரியவில்லை. மடித்து அலமாரியில் வைத்து, இரண்டு நாள் கழித்துக் கதவைத் திறந்தால் அதே நெடி. சரியாகத் துவைக்கவில்லையோ என்று நான்காவது முறையும் துவைக்கிறார்கள். குறை துவைப்பில் இல்லை, வேலையின் வரிசையில் இருக்கிறது.

அந்துருண்டை நெடி என்பது துணியில் ஒட்டிய அழுக்கு அன்று. உருண்டை உருகாமலே ஆவியாகி, அந்த ஆவி நூலிழைக்குள் புகுந்து தங்கியிருக்கிறது. மூக்கில் படுவது ஏதோ ஒரு 'வாடை' இல்லை. அதே வேதிப்பொருளின் மூலக்கூறுகள்தான். ஆகவே நெடியைப் போக்குவது என்றால் அந்தப் பொருளைத் துணியிலிருந்து வெளியே எடுப்பது என்றுதான் பொருள். அதற்குத் தண்ணீர் மிக மோசமான வாகனம். 25 டிகிரியில் (இங்கே சொல்லும் டிகிரி எல்லாம் செல்சியஸ்) ஒரு லிட்டர் தண்ணீரில், அந்துருண்டை செய்யப் பயன்படும் நாப்தலீன் சுமார் 30 மில்லிகிராம்தான் கரையும். நாலு கிராம் எடையுள்ள ஒரே ஓர் உருண்டையைக் கரைக்க ஏறக்குறைய 130 லிட்டர் தண்ணீர் வேண்டும்.

காற்று அதைவிட நல்ல வாகனம், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் அரை கிராம் அளவுக்குத்தான் நாப்தலீனைச் சுமக்கும். அதற்குமேல் எவ்வளவு நேரம் வைத்தாலும் துணியிலிருந்து எதுவும் வெளியேறாது. மூடிய அறையில் ஒரு மாதம் தொங்கவிட்ட துணி ஏன் அப்படியே நாறுகிறது என்பதற்கு இதுதான் விடை. காற்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெப்பம் இந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்துகிறது. நாப்தலீனின் ஆவியழுத்தம், அதாவது அது ஆவியாகக் கிளம்பும் முனைப்பின் அளவு, 25 டிகிரியில் இருப்பதைப்போல் 40 டிகிரியில் சுமார் நான்கு மடங்கு. 60 டிகிரியில் சுமார் இருபது மடங்கு. மறுபுறம், 5 டிகிரிக்கு இறங்கினால் எட்டில் ஒரு பங்காகிவிடும். குளிர்காலத்தில் 'நெடி போய்விட்டது' என்று நினைத்த துணி வெயில் காலத்தில் மீண்டும் மணப்பதன் ரகசியம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

என்ன உருண்டை என்று முதலில் பாருங்கள்

அந்துருண்டை, பாச்சை உருண்டை என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் புழங்குகின்றன: நாப்தலீன், பாராடைகுளோரோபென்சீன், கற்பூரம். பார்வைக்கு மூன்றும் வெள்ளை. போகும் வேகம் மட்டும் ஒன்றல்ல. டைகுளோரோபென்சீனின் ஆவியழுத்தம் நாப்தலீனைப்போல் பத்து மடங்குக்கு மேல். அதே காற்றோட்டத்தில் அது நாள்கணக்கில் போகும், நாப்தலீன் வாரக்கணக்கில் இழுக்கும். எது என்று தெரிந்தால் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

பெட்டி மூலையில் ஒரு துண்டு கிடைத்தால் போதும். ஒரு கண்ணாடிக் குவளையில் சாதாரணத் தண்ணீர் எடுத்து அந்தத் துண்டைப் போடுங்கள். மிதந்தால் கற்பூரம். மூழ்கினால் இன்னொரு குவளையில் 100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் 40 கிராம் உப்பைப் போட்டு, அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்கும்வரை கலக்குங்கள். அந்த உப்புநீரில் மிதந்தால் நாப்தலீன். அதிலும் மூழ்கினால் டைகுளோரோபென்சீன். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் நாப்தலீனுடையது சுமார் 1.14, டைகுளோரோபென்சீனுடையது சுமார் 1.25, தெவிட்டிய உப்புநீர் இரண்டுக்கும் நடுவில் 1.2. சோதனை தவறுவது இரண்டே இடத்தில்: உப்பு போதாமல் போவது, துண்டின்மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருப்பது. ஈர்க்குச்சியால் தட்டிக் குமிழியை விரட்டிவிட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் குவளை வேண்டாம். பயன்படுத்திய கண்ணாடிக் குவளையையும் குடிக்கும் பாத்திரங்களோடு சேர்க்க வேண்டாம்.

இரண்டு வகை உருண்டை ஒரே பெட்டியில் கலந்திருந்தால் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். நாப்தலீனும் டைகுளோரோபென்சீனும், அல்லது நாப்தலீனும் கற்பூரமும், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் கலவையின் உருகுநிலை 30 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். தனித்தனியே 80 டிகிரியில் (நாப்தலீன்), 53 டிகிரியில் (டைகுளோரோபென்சீன்) உருகக்கூடியவை, சாதாரண வெயில் நாளிலேயே எண்ணெய்போல் உருகித் துணியில் ஊறிக் கறையாகிவிடும். அத்தகைய கறை உள்ள துணிக்கு வெறும் காற்றாடல் போதாது. சாயம் போகாத துணி என்றால் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பின்பக்கமிருந்து ஒற்றி எடுக்கலாம். மற்றவற்றை உலர்சலவைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

துகளைத் தேடுவது

காற்றாடவிடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பலர் இதைத் தாண்டிவிடுவதால்தான் மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். அரை மிளகு அளவு துகள் ஒரு சட்டைப்பையில் மிச்சமிருந்தாலும் அது அந்தத் துணிக்கும் பக்கத்துத் துணிகளுக்கும் நாள்தோறும் நெடியை ஊட்டிக்கொண்டே இருக்கும். பை, காலர் மடிப்பு, கைமடிப்பு, பாவாடை ஓரத் தையல், கோட்டின் உள்துணிக்கும் மேல்துணிக்கும் இடையில் உள்ள இடைவெளி, தலையணை உறையின் மூலை என்று விரலால் தடவித் தேட வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். திறந்த வெளியில், காற்று உங்கள் முகத்துக்கு எதிராக வீசாத பக்கமாக நின்று உதறுங்கள்.

பொடியை எடுக்க வாக்குவம் கிளீனர் வேண்டாம். உறிஞ்சிய துகள் பைக்குள் உட்கார்ந்துகொள்ளும். மோட்டாரின் சூட்டில் அது ஆவியாகி, அடுத்தடுத்து எந்த அறையைச் சுத்தம் செய்தாலும் அங்கே நெடியைப் பரப்பும். அகலமான ஒட்டும் நாடாவைக் கையில் சுற்றி ஒற்றி எடுப்பதே உத்தமம்.

இந்தக் கட்டத்தில் இஸ்திரிப் பெட்டியை எடுக்கவே கூடாது. நாப்தலீன் 80 டிகிரியில் உருகும், இஸ்திரிப் பெட்டியின் குறைந்த சூடே அதற்கு மேல். கண்ணுக்குத் தெரியாத துகள் உருகி இழைக்குள் இறங்கிவிட்டால் வேலை இரட்டிப்பாகும்.

பச்சிளங் குழந்தையின் துணி, போர்வை என்றால் வேலையைத் தொடங்கும் முன் இன்னொரு விஷயம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அந்துருண்டையோடு வைத்திருந்த துணியை உடுத்திய பச்சிளங் குழந்தைகளுக்குக் கடுமையான மஞ்சள்காமாலை வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. உடலில் எண்ணெய் தடவியிருந்தால் தோல்வழி உள்ளே போவது இன்னும் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் நாப்தலீன் உருண்டைகளின் விற்பனையை நிறுத்தியது. 'கொஞ்சம்தானே மணக்கிறது' என்று அந்தத் துணியைக் குழந்தைக்குப் போட வேண்டாம். நெடி துளியும் இல்லை என்று உறுதியாகும்வரை அது தனியே இருக்கட்டும்.

காற்றாடவிடுதல்

முக்கியமான கட்டம் இதுதான். நெடியின் பெரும்பகுதி போவதும் இங்கேதான். துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பொத்தான், ஜிப் எல்லாவற்றையும் திறந்து, பைகளை வெளியே இழுத்துவிட்டு, ஹேங்கரில் ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியோடு தொங்கவிடுங்கள். கொடியில் இரண்டாக மடித்துப் போட்டால் மடிப்புக்குள் இருக்கும் காற்று நகராது. அந்த இடம் மட்டும் கடைசிவரை நாறும். வீட்டுக்குள் என்றால் ஜன்னலை ஒட்டித் தொங்கவிட்டு, மேசை விசிறியைத் துணிக்கு ஒரு மீட்டர் தள்ளி வைத்து, காற்று துணி வழியாக ஜன்னலுக்கு வெளியே போகும்படி திருப்புங்கள். விசிறியை ஜன்னலிலிருந்து உள்நோக்கி வைத்தால், துணியிலிருந்து போவது மெத்தைக்கும் திரைச்சீலைக்கும்தான் போய்ச் சேரும்.

வெள்ளைப் பருத்திக்கு நேர் வெயில் நல்லது. சாயம் போட்ட பருத்தியை உள்பக்கம் திருப்பி வெயிலில் போடலாம். பட்டுக்கு நேர் வெயில் ஆகாது; புற ஊதாக்கதிர் இழையை மஞ்சளாக்கி நொறுங்கச் செய்யும். பட்டும் கம்பளியும் நிழலில், ஆனால் வெதுவெதுப்பான காற்றில் இருக்கட்டும். நாப்தலீன் என்றால் பருத்திக்குச் சுமார் ஐந்து நாள், பாலியெஸ்டருக்குப் பத்து முதல் பதினைந்து நாள், தடித்த கம்பளிக்கு மூன்று, நான்கு வாரம் என்று மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். பாலியெஸ்டர் ஏன் இவ்வளவு பிடிவாதம்? அந்த இழை தண்ணீரை ஒட்டவிடாதது, எண்ணெய்த்தன்மை உள்ளவற்றை விரும்பி ஏற்பது. நாப்தலீனும் அப்படியே. பருத்தியில் மேலோட்டமாகத் தங்குவது பாலியெஸ்டரில் கரைந்தே போய்விடுகிறது.

வேகப்படுத்த நினைத்துச் சிலர் செய்யும் இரண்டு காரியங்கள் வேலையைக் கெடுக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் துணியைக் கட்டி வெயிலில் வைப்பது ஒன்று. உள்ளே சூடு ஏறுகிறது, வாஸ்தவம். ஆவிக்கு வெளியே போக வழியில்லை. சாயங்காலம் குளிர்ந்ததும் அப்படியே துணியில் திரும்ப உட்காரும். பூட்டிய காருக்குள் துணியைப் பரப்புவது இன்னொன்று. துணியில் கொஞ்சம் குறையலாம்; ஆனால் டாஷ்போர்டும் சீட்டின் ஃபோமும் உறிஞ்சிக்கொண்டதைப் பிறகு எதை வைத்து எடுப்பது?

கம்பளிக் கோட், உள்ளே பஞ்சு வைத்த ஜாக்கெட் போன்றவற்றுக்கு நீராவி கைகொடுக்கும். நாப்தலீன் நீராவியோடு சேர்ந்து எளிதில் வெளியேறும் பொருள். கையில் பிடிக்கும் ஸ்டீமரால், துணிக்கு ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, உள்பக்கமிருந்து ஒவ்வோர் இடத்திலும் பத்து விநாடி ஆவி காட்டி, உடனே விசிறிக்கு எதிரே ஓர் இரவு தொங்கவிட வேண்டும். அந்த 'உடனே' முக்கியம். நீராவி பிடித்த துணியைக் காற்றில்லாமல் வைத்தால் நெடியும் தங்கும், ஈரப்பூஞ்சையும் வரும். மூன்று நாளைக்கு ஒருமுறை என நான்கைந்து தடவை செய்தால் வித்தியாசம் தெரியும். இதை வாசலிலோ மொட்டைமாடியிலோ செய்யுங்கள். கிளம்பும் ஆவி மூடிய அறையில் தலைவலியும் குமட்டலும் தரும்.

மூக்கை நம்பாதீர்கள், ஜாடியை நம்புங்கள்

இந்த நெடிக்கு மூக்கு சீக்கிரம் பழகிவிடும். கால்மணி நேரம் இந்தத் துணிகளோடு புழங்கியவருக்கு எதுவும் மணக்காது. வெளியிலிருந்து வருபவர் வாசலிலேயே முகம் சுளிப்பார். அதனால் எந்தக் கட்டம் முடிந்தது என்பதை ஒரு ஜாடிச் சோதனையால் முடிவுசெய்வதே சரி.

நன்றாகக் கழுவிக் காயவைத்த ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி. துணியின் ஒரு பகுதியை, முடிந்தால் முழுத்துணியையே, தளர்வாக உள்ளே வையுங்கள். வாயை அலுமினியத் தாளால் மூடி, அதன்மேல் மூடியைத் திருகுங்கள். மூடியின் பிளாஸ்டிக் உள்ளொட்டு முந்தைய சோதனையின் நெடியை வைத்திருக்கும் என்பதால்தான் அந்தத் தாள். 40 டிகிரி தண்ணீர் உள்ள பாத்திரத்தில் ஜாடியை ஒரு மணி நேரம் நிறுத்திவையுங்கள். பிறகு, அன்று இந்தத் துணிகளைத் தொடாத ஒருவரைக் கூப்பிட்டு மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மூக்கை உள்ளே விட்டு இழுக்க வேண்டாம், கையால் விசிறி முகர்ந்தால் போதும். பக்கத்தில் காலி ஜாடி ஒன்றையும் அதேபோல் மூடி வைத்திருந்தால் ஒப்பிட வசதி.

திறந்ததும் பளிச்சென்று மணந்தால் இன்னும் காற்றாடல் வேண்டும், துவைக்காதீர்கள். தேடிப்பார்த்து மணந்தால் துவைக்கும் நேரம் வந்துவிட்டது. துவைத்துக் காய்ந்தபின் இதே சோதனையில் ஒன்றும் இல்லையென்றால்தான் அலமாரிக்குள் போகலாம்.

துணி தேறி, ஆடை தேறாமல் போவதுண்டு. அப்போது சந்தேகப்பட வேண்டியது இடுப்பு எலாஸ்டிக், தோள்பட்டை ஃபோம், ரப்பர் அச்சுப் படம், பிளாஸ்டிக் பொத்தான். ரப்பரும் ஃபோமும் நாப்தலீனைக் கடற்பஞ்சுபோல் குடித்துவைத்திருக்கும். எலாஸ்டிக்கைப் பிரித்தெடுத்துத் தனி ஜாடியில் வைத்துப் பாருங்கள். மூன்று முழ எலாஸ்டிக்கை மாற்றித் தைப்பது, அதற்காக இன்னும் ஒரு மாதம் கொடியில் போராடுவதைவிட மலிவு. டைகுளோரோபென்சீன் வகை சில பிளாஸ்டிக்குகளை, குறிப்பாகப் பாலிஸ்டைரீனை, இளக்கியே விடும். பிசுபிசுத்த பொத்தான் கண்ணில் பட்டால் அதைக் காப்பாற்ற முயலாமல் வெட்டிப்போடுங்கள்.

இப்போது துவைக்கலாம்

சாதாரணத் தண்ணீரில் கரையாதது சலவைத் திரவம் கலந்த வெந்நீரில் ஓரளவு கரையும். அழுக்கை எண்ணெயோடு சுற்றிவளைத்து இழுக்கும் அதே வேலையை டிடர்ஜென்ட் நாப்தலீனிடமும் செய்கிறது. பருத்திக்கு 10 லிட்டர் 60 டிகிரி தண்ணீரில் 30 முதல் 40 மி.லி. திரவ டிடர்ஜென்ட். ஒரு மணி நேரம் ஊறட்டும். தண்ணீர் முழுதாக ஆறும் முன்பே கொட்டிவிடுங்கள். இரவு முழுக்க ஊறினால் இன்னும் நல்லது என்பது இங்கே பொருந்தாது. நீர் குளிர்ந்தால் அதன் கொள்ளளவு குறையும். எடுத்ததில் ஒரு பகுதி துணிக்கே திரும்பும். ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் மறுபடி டிடர்ஜென்ட் போட்டுத் துவைத்து, இரண்டு முறை அலசுங்கள். சாயத்துணிக்கும் பாலியெஸ்டருக்கும் 40 டிகிரி. வாளியில் ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் துணி வேண்டாம். நெடியுள்ள துணியை மற்ற துணிகளோடு கலக்கவே வேண்டாம்.

கம்பளிக்கு 30 டிகிரியைத் தாண்டாத தண்ணீர், கம்பளிக்கான திரவம், கசக்காமல் அமுக்கி எடுத்தல். பட்டுக்கும் கம்பளிக்கும் என்சைம் கலந்த சலவைத்தூள் ஆகாது. புரதக் கறையைத் தின்னும் நொதிக்கு அந்த இழையும் புரதம்தான்.

துணிக் கண்டிஷனரை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். அது இழைமேல் எண்ணெய்ப் படலம் விடும், நாப்தலீனுக்கு அது மெத்தை. வினிகரைப் பற்றியும் ஒரு வார்த்தை: எங்கும் முதல் வைத்தியமாகச் சொல்லப்படுவது அதுதான். அமிலத்தால் மாற்றக்கூடிய நெடிகளுக்கு வினிகர் சரி. நாப்தலீன் அமிலமுமில்லை, காரமுமில்லை. வினிகரும் சமையல் சோடாவும் அதை எதுவும் செய்யாது. வினிகரில் அலசிக் கொடியில் போட்டவர்களுக்குப் பலன் கிடைத்தது உண்மைதான். பலன் கொடுத்தது கொடி.

உண்மையில் கரைக்கக்கூடியது ஆல்கஹால். 15 நாள் காற்றாடியும் தேறாத பாலியெஸ்டருக்கு, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் திறந்த வெளியில், அடுப்பு, தீக்குச்சி எதுவும் அருகில் இல்லாமல், இருபுறமும் நனையத் தெளித்துக் காற்றில் உலரவிட்டு, பிறகு துவைக்கலாம். உள்தையலில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றி, சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். டிரையர் பயன்படுத்துபவர்கள் அதன் வகையைக் கவனிக்க வேண்டும். சூடான காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வகை என்றால், ஜாடிச் சோதனையில் லேசாக மட்டும் மணக்கும் துணிக்கு அரைமணி நேரம் மிக நல்ல சிகிச்சை. அதே காற்றையே சுற்றிச்சுற்றி விடும் கண்டென்சர், ஹீட்பம்ப் வகைகளில் போட்டால், வெளியேறியது அதன் ரப்பர் விளிம்பிலும் வடிகட்டியிலும் போய் ஒட்டிக்கொண்டு அடுத்த வாரத் துணிக்கெல்லாம் பங்கு கொடுக்கும்.

உலர்சலவையில் பயன்படும் கரைப்பான்களில் நாப்தலீன் நன்றாகவே கரையும். இருந்தாலும் காற்றாடவிட்ட பிறகே கொடுங்கள். என்ன நெடி என்பதையும் சொல்லிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி இரண்டு நாள் காற்றில் தொங்கட்டும்.

துவைக்க முடியாதவற்றுக்குக் கரி

வேலைப்பாடுள்ள பட்டு, ஜரிகை, தொப்பி, தோல்பை, புத்தகம், பொம்மை. இவற்றுக்கு ஆக்டிவேட்டட் கரி. ஒரு கிராம் கரியின் உள்துளைகளை விரித்தால் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். நாப்தலீன் போன்ற வளைய அமைப்புள்ள மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் இறுகப் பிடித்துக்கொள்ளும். அடுப்புக்கரி இதற்கு ஈடாகாது. அதில் துளைகள் குறைவு, கட்டியாக அழுத்திய கரியில் பிசினும் சேர்ந்திருக்கும்.

பொடி வேண்டாம். 4 மில்லிமீட்டர் அளவுள்ள குருணையாக வாங்கி, மெல்லிய பருத்திப் பைகளில் கட்டுங்கள். 50 லிட்டர் பெட்டிக்கு 250 கிராம், மூன்று பையாகப் பிரித்து அடியிலும் பக்கங்களிலும் வையுங்கள். பொருள் கரிமேல் படாமல் ஒரு கம்பிவலைத் தட்டின்மேல் தளர்வாக இருக்கட்டும். பெட்டியை வீட்டின் வெதுவெதுப்பான மூலையில் வைத்து, பத்து நாளைக்கு ஒருமுறை கரியை மாற்றுங்கள். மூன்று சுற்று சாதாரணம். காற்றாடலைத் தவிர்த்துவிட்டு நேரே கரிக்கு வந்தால் முதல் வாரத்திலேயே அது நிரம்பிப்போகும். நிரம்பிய கரி மேலும் பிடிக்காது என்பது மட்டுமில்லை, சூடேறினால் பிடித்ததைத் திருப்பியும் விடும்.

புத்தகத்தை இந்தப் பெட்டியில் செங்குத்தாக, பக்கங்கள் விசிறிபோல் விரிந்திருக்கும்படி நிறுத்துங்கள். கனத்த புத்தகத்துக்கு இருபது பக்கத்துக்கு ஒரு முறை ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி இடைவெளி உண்டாக்குங்கள். வெயிலில் விரித்துவைப்பது வேண்டாம். காகிதம் பழுக்கும், முதுகின் பசை வெடிக்கும். காலணிக்கு ஒரு பழைய காலுறையில் 100 கிராம் கரி கட்டி உள்ளே திணித்தால் மேல்தோல் சீக்கிரம் தெளியும். ரப்பர் அடிப்பாகம்தான் இழுத்தடிக்கும். மெத்தை, ஃபோம் தலையணை பற்றி ஆறுதலாகச் சொல்ல எதுவும் இல்லை. உறையை மாற்றி மூன்று வாரம் காற்றில் வைத்தும் மணந்தால் தூக்கிப்போடுவதே வழி.

பெட்டியும் அலமாரியும்

துணியை எல்லாம் தேற்றி, பழைய அலமாரியிலேயே திரும்ப அடுக்கினால் இரண்டே வாரத்தில் பழைய கதைதான். துணி காற்றாடும் நாட்களிலேயே அலமாரி வேலையும் நடக்க வேண்டும்.

இரும்பு டிரங்குப் பெட்டி சுலபம். டிடர்ஜென்ட் கலந்த வெந்நீரில் துடைத்து, காய்ந்தபின் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து, திறந்தபடி ஒருநாள் வெயில். பெயின்ட் அடித்த பெட்டியில் ஆல்கஹாலை மூலையில் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். விளிம்பில் ரப்பர் பட்டை இருந்தால் மாற்றிவிடுங்கள், அடியில் ஒட்டிய பழைய காகிதத்தைச் சுரண்டி எடுங்கள். பிளாஸ்டிக் பெட்டியில் நெடி பரப்பில் இல்லை, சுவருக்குள் ஊறியிருக்கிறது. ஒரு மாதம் திறந்தவெளியில் கிடந்தும் ஜாடிச் சோதனைபோல் மூடித் திறக்கையில் மணந்தால், துணி வைப்பதற்கு அது உதவாது. தோட்டச் சாமான் போட்டுக்கொள்ளலாம்.

மர அலமாரியில் இழுப்பறைகளை எல்லாம் வெளியே எடுத்து, பின்பலகைக்கும் அடித்தட்டுக்கும் இடையே உள்ள சந்தில் டார்ச் அடித்துத் துகள் தேடுங்கள். நெடி ஓயாத அலமாரிகளில் பெரும்பாலும் அங்கேதான் அரை உருண்டை உட்கார்ந்திருக்கும். பாலிஷ் போட்ட வெளிப்பக்கம் அதிகம் குடிப்பதில்லை. பாலிஷ் இல்லாத உள்பக்கப் பச்சை மரம்தான் குடிப்பது. அதை நனைத்துக் கழுவ வேண்டாம், பலகை வளையும். கதவுகளைத் திறந்துவைத்து, விசிறியை நேரே உள்ளே திருப்பி, அறை ஜன்னல் திறந்திருக்க இரண்டு வாரம். பிறகு ஒருநாள் கதவை மூடிவைத்துத் திறந்து பாருங்கள்.

அப்போதும் மணந்தால் மரத்தைப் பூட்டிவிட வேண்டும். அதற்கு அவலரக்குப் (ஷெல்லாக்) பூச்சு. மெழுகு நீக்கிய அவலரக்கு 240 கிராமை ஒரு லிட்டர் டிநேச்சர்டு ஸ்பிரிட்டில் இரவு முழுக்க ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, உள்பக்கம் முழுதும், இழுப்பறையின் அடி, பக்கம், பலகை வெட்டுமுனை எதையும் விடாமல் மூன்று கை பூசுங்கள். ஒவ்வொரு கைக்கும் இடையே இரண்டு மணி நேரம். நடுவில் 320-ஆம் எண் உப்புத்தாளால் லேசாக ஒரு தடவு. வெட்டுமுனை மற்ற இடத்தைவிட அதிகம் உறிஞ்சும். அங்கே மட்டும் நாலாவது கை போடலாம். அரக்குப் படலம் நெடியை உள்ளேயே நிறுத்தும். மழை நாளில் பூச வேண்டாம், ஈரக்காற்றில் அரக்கு வெளுத்துவிடும். துகள் இருக்கும்போதே அவசரப்பட்டுப் பூசினால், பூசாமல் விட்ட ஏதோ ஒரு சந்திலிருந்து நெடி வந்துகொண்டே இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது முன்பைவிடக் கடினம்.

மீந்த உருண்டைகளையும் நாடாவில் ஒட்டிய துகள்களையும் கழிப்பறையிலோ சாக்கடையிலோ போடாதீர்கள். எரிக்கவும் வேண்டாம். பாலித்தீன் பை நாப்தலீன் ஆவியைக் கசியவிடும். இரண்டு மூன்று பையாகச் சுற்றினாலும் மணப்பது அதனால்தான். உலோக மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அடைத்து, அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.

இனி அந்துருண்டைக்குப் பதில் என்ன என்று கேட்டால், பாதித் துணிக்கு எதுவும் தேவையே இல்லை. அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளி, பட்டு, மயிர், இறகு. சுத்தமான பருத்தியையும் பாலியெஸ்டரையும் அது தேடி வருவதில்லை. கம்பளியைத் துவைத்து நன்றாக உலர்த்தி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தெடுத்து, இறுக மூடும் பெட்டியில் போட்டால் போதும். வியர்வையும் உணவுக்கறையும் உள்ள துணிதான் புழுவுக்கு விருந்து.

தேறிய துணிகளை அடுக்கும்போது முதல் கோடை தாண்டும்வரை மற்றத் துணிகளோடு கலக்காமல் தனித் தட்டில் வையுங்கள். 40 டிகிரி ஜாடியில் தப்பியது, பூட்டிய அலமாரிக்குள் பத்து நாள் வெயிலில் வெளிப்படக்கூடும். அப்படி வெளிப்பட்டால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நாலு நாள் விசிறிக் காற்றும் ஒரு சுற்றுக் கரியும் போதுமானது.